ஏழாவது குழாய்

செய்தித்தாளைக் கோப்பைக்குப் பின்னால் பிடித்து, பீர் வழியாக பேஸ்பால் கணக்கைப் படிக்கிறார் ஆர்விட் ஹாகன். எழுத்துத் தெரிந்தால்தான் முதல் வாய். பிறகு தாள் பக்கத்து நாற்காலிக்காரரின் கோப்பைக்குப் பின்னாலும் போகும். இப்போது எல்லோரும் குடிப்பது கலங்கல் பீர். ஓர் எழுத்தும் தெரியாது. “இதுக்குப் பின்னாடி என் பஸ்ஸை நிறுத்தினாக்கூடத் தெரியாதுப்பா” என்பார், யாரும் கேட்காமலே.

பஸ் அவருடையது அல்ல. எங்கள் ஊர் ஆல்பனியின் பள்ளிக்கூட மஞ்சள் பஸ்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். இன்றும் யாருடைய வண்டிக்கு அடியிலாவது படுத்து எழுந்துதான் என் பாருக்கு வருகிறார். கிரீஸ் போகக் கழுவும் ஆரஞ்சு சோப்பின் வாசனை அவருக்கு முன்னால் வந்து உட்காரும். ஒரே ஒரு பீர். ஏழாவது குழாயில் வரும் சியரா நெவாடா பேல் ஏல் என்ற தெளிந்த பீர். அதையும் இரண்டு கைகளாலும் பொத்தி, சில்லிப்பு இறங்கும்வரை அடைகாப்பார். அதுவரை பக்கத்து நாற்காலிக்காரரிடம் வாய் சும்மா இருக்காது.

“எண்பதாம் வருஷத்துக்கு முன்னாடி இந்த நாட்டுல பீர்னா என்ன? மஞ்சத் தண்ணி. இது வந்துதான் கேஸ்கேட்ங்கற ஹாப்ஸ் பூவை அள்ளிப் போட்டுது. நம்ம பக்கத்து ஊரு கார்வாலிஸ்ல வளத்தெடுத்த பூ. நீ கையில வச்சிருக்கியே, அது இதுக்குப் பேரன். தாத்தாவுக்கு ஒரு வணக்கம் சொல்லிட்டுக் குடி.”

சொல்வது பொய்யில்லை. அந்தக் கசப்பிலும் பம்ப்ளிமாஸ் வாசனையிலும் மயங்கியவர்கள் பலர் பிறகு தங்கள் கொட்டகைகளில் பீர் காய்ச்சத் தொடங்கினார்கள். என் மற்ற குழாய்களில் பாதிக்கு மேல் அதன் வழி வந்தவைதான். ஆனால் வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்காருகிறவன் வம்சாவளி கேட்க வருவதில்லை. ஒரு பெண் மாம்பழ வாசனை பீர் கேட்டாள். “ஜூஸ் கடை எதிர்ல இருக்கும்மா” என்றார் ஆர்விட். அவள் எதிர்ப்பக்கம் போனாள். ஜூஸ் கடைக்கு அல்ல, அதற்கடுத்த பாருக்கு.

குடிக்க ஆளில்லாத பீப்பாய் வாடும். வாடியதை முதலில் கண்டுபிடிப்பவரும் அவரே.

“லொரெட்டா, பூவாசனை செத்துப்போச்சு.”

“நீங்க ஒரு ஆளு ஒரு கோப்பை குடிச்சா, சாகாம என்ன செய்யும்?”

“உனக்குப் பீரை வச்சுக்கத் தெரியல.”

“உங்க மூக்குல இருக்கறது சோப்பு, ஆர்விட். பூவாம் பூ.”

ஜூன் மாதம் சொல்லிவிட்டேன். புதுச் சின்னப் பீப்பாய் ஒன்று திறக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை பேஸ்பால் ஆட்டம் முடிவதற்குள் காலியானால் இன்னொன்று வரும். மிஞ்சினால் ஏழாவது குழாய் கலங்கல் பீருக்குப் போகும்.

“கடையில டப்பாவுல விக்குதே. வீட்ல வச்சுக் குடிங்க.”

“வீட்ல யார்கிட்ட தாயே சொல்றது?” என்றார்.

அன்றே ஆதரவு திரட்டக் கிளம்பிவிட்டார். இரண்டு நாளில் அவருக்கு இருபுறமும் நாற்காலிகள் காலி. வெள்ளிக்கிழமை, தபால் வண்டி ஓட்டும் டார்லீன் தானாகவே பேல் ஏல் கேட்டாள். ஆர்விட்டின் முதுகு நிமிர்ந்தது.

“ஒரு எலுமிச்சைத் துண்டும் போடு” என்றாள்.

“எலுமிச்சையா? ஏம்மா, இது என்ன வறுத்த மீனா? பூவுலேர்ந்து வர்ற வாசனை அது. அது தலையில பழத்தைப் பிழியறியே!”

“என் காசு, என் பீர், பெரியவரே.” காசை வைத்துவிட்டு எழுந்து போனாள். கோப்பை நுரையோடு நின்றது. அவர் பார்க்கும்படி அதைத் தொட்டியில் கொட்டினேன்.

“இந்தக் குழாயை மூடப்போறது நானில்ல, ஆர்விட். நீங்கதான்.”

“எலுமிச்சை, லொரெட்டா!”

“இருக்கட்டுமே. குடிக்கத்தானே வந்தா?”

ஞாயிற்றுக்கிழமை, டிவியில் மேரினர்ஸ் அணியின் ஆட்டம் பாதி தாண்டிவிட்டது. பீப்பாயில் இன்னும் பாதிக்கு மேல். ஆர்விட் செய்தித்தாளை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்திருந்தார். கோப்பையைப் பொத்திக்கொண்டு, பல்வலிக்காரர் போல இருந்தார். மைதானத்திலிருந்து சாஃப்ட்பால் ஆடி முடித்த கூட்டம் ஒன்று புழுதியோடு உள்ளே வந்தது. முன்னால் வந்த தடியன் குழாய்களை அண்ணாந்து பார்த்தான்.

“அக்கா, கலங்காம, தெளிவா ஏதாச்சும் இருக்கா?”

ஆர்விட்டின் உதடு அசைந்தது. நான் முறைத்தேன். உதடு மூடிக்கொண்டது.

“ஏழாவது” என்றேன். கூட்டம் முழுவதற்கும் ஊற்றினேன். தடியன் ஒரு மடக்கு குடித்தான். வாயைத் துடைத்தான்.

“நல்லாத்தான் இருக்கு. இன்னொரு சுத்து ஊத்துங்க. எலுமிச்சை இருக்காக்கா?”

நறுக்கிய எலுமிச்சைத் தட்டு ஆர்விட்டின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் கை நீட்டுவதற்குள், அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டை அவனிடம் தள்ளினார்.