நான் பிள்ளை பிடிக்கப் போன கதை

போன ஞாயிற்றுக்கிழமை எதிர் போர்ஷன் பெண், தன் மூன்று வயது மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை வாயையே திறக்கவில்லை. மாடிப்படி ஏறி வந்த என்னைக் காட்டி, "சாப்பிடலேன்னா இந்த மாமா பிடிச்சிட்டுப் போய்டுவார்!" என்றாள்.

குழந்தை மடமடவென்று விழுங்கியது. அவள் சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டும்... முடியவில்லை.

காரணம் இருக்கிறது.

பத்து வருஷங்களுக்கு முன்னால் நான் வேலூரில் காலேஜ் மாணவன். சொந்த ஊர் யாழ்ப்பாணம். கடல் தாண்டி அனுப்பும்போது அப்பா ஒரு கண்டிஷன் போட்டிருந்தார் — லீவு வந்தால் ஏதாவது ஒரு கோயிலைத் தரிசித்துவிட்டுக் கடிதம் எழுத வேண்டும். எனக்கு ஊர் சுற்ற ஆசை. அப்பாவுக்குப் புண்ணியம், எனக்கு ஊர் பார்த்தது என்று இரண்டும் ஒரே பஸ் டிக்கெட்டில் நடந்துகொண்டிருந்தது. காஞ்சிபுரம், திருவண்ணாமலை எல்லாம் பார்த்தாயிற்று. அடுத்தது ஜவ்வாது மலை. மேலே ஒரு பழைய காளி கோயில் இருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

கணியம்பாடி வழியாக பஸ் பிடித்து, மலையடிவாரத்தில் இருக்கிற சந்தவாசலில் இறங்கினேன். தோளில் பை, கழுத்தில் பெட்டிக் கேமரா. டீக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மேலயா போறீங்க? புள்ள புடிக்கிறவன் நடமாட்டம்னு பேசிக்கிறாங்க. எங்கியோ அணை கட்றாங்களாம், நரபலி குடுக்கணுமாம். பார்த்துப் போங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. என்னைப் பிடித்துக்கொண்டு போக நான் என்ன பிள்ளையா? அவர் சொன்னதன் மறுபக்கம் என் மூளைக்கு எட்டவே இல்லை.

மூன்று மணி நேரம் ஏறியிருப்பேன். கூரை வீடுகள், சாமை வயல், நடுவில் ஒரு பலா மரம். அதனடியில் ஏழெட்டுக் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். என்ன அழகான படம்! கேமராவை எடுத்தேன்.

அவ்வளவுதான். குழந்தைகள் வீறிட்டுக்கொண்டு சிதறி ஓடினார்கள். ஒரு நிமிஷத்தில் மரத்தடி காலி.

என்ன நடந்தது என்று புரிவதற்குள் வயலிலிருந்து ஆண்கள் ஓடி வந்தார்கள். ஐந்தாறு பேர் கையில் கொடுவாள்.

"யார்ரா நீ? இன்னா பொட்டி அது?"

"நான் யாழ்ப்பாணம் ஐயா. படிக்க வந்தனான். கோயில் கும்பிட..."

"இன்னா பேசறான் இவன்? நம்ம பக்கத்து ஆளே இல்ல!"

என் தாய்மொழியே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. பதறிப்போய் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். அதைவிட முட்டாள்தனம் வேறு இல்லை. "பாரு, சர்க்கார் முத்திர! அணைக்காரங்க அனுப்பின ஆளுதான்!" என்றான் ஒருவன்.

அப்போதுதான் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "லச்சுமியக் காணோம்! எம் பொண்ணக் காணோமே!"

ஐந்து வயசுப் பெண். மற்ற குழந்தைகள் எல்லாம் இருந்தார்கள். அவள் மட்டும் இல்லை.

மாட்டுக் கயிற்றால் என்னைப் பலா மரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். குழந்தையின் அப்பா சின்னாண்டி என் முகத்துக்கு நேரே வந்து நின்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "புள்ள கெடைக்கலேன்னா நீ கீழ எறங்க மாட்ட" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் காட்டுப் பக்கம் ஓடினார். மற்றவர்களும் ஓடினார்கள். காவலுக்கு ஒருவன். எதிரே தரையில் குழந்தையின் அம்மா.

நான் செத்தால் அப்பாவுக்கு யார் தகவல் சொல்வார்கள்? நான் இங்கே வந்தது ஹாஸ்டலில் ஒருவருக்கும் தெரியாதே! தூரத்தில் "லச்சுமீ..." என்று கூப்பிடும் குரல் ஒவ்வொரு தடவையும் பதிலில்லாமல் திரும்பி வந்தது. வெயில் நகர்ந்து என் முகத்துக்கு வந்தது. காவல்காரன் கல்லில் கொடுவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

கண்ணை மூடினால் குழந்தைகள் சிதறி ஓடியது மறுபடி மறுபடி தெரிந்தது. திடீரென்று ஒன்று உறைத்தது. எந்தப் பக்கம் ஓடினார்கள்?

"அம்மா... பிள்ளையள் எல்லாம் வீட்டுக்குள்ளைதான் ஓடினதுகள். ஒண்டும் காட்டுப் பக்கம் ஓடேல்லை."

"வாய மூட்றா!" காவல்காரன் கையை ஓங்கினான்.

"இரு, சொல்லட்டும்" என்றாள் அந்த அம்மா.

தெரிந்த தமிழையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து மறுபடி சொன்னேன். "வீடு... வீட்டுக்குள்ள. பயந்து ஒளிஞ்சிருக்கும்."

"வூட்லதான் மொதல்ல பார்த்தோமே..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். எழுந்து ஓடினாள்.

அடுத்து நான் கேட்டது ஒரு மண் குதிர் உடைகிற சத்தம். அதற்குப் பிறகு அலறல்.

சாமை கொட்டி வைக்கிற குதிர், ஆள் உயரம். அடுத்த அறுவடைக்கு இன்னும் நாள் இருந்ததால் அடியில் கொஞ்சம்தான் தானியம். மேலே ஏறி உள்ளே இறங்கிய குழந்தை, மூடியையும் இழுத்து மூடிக்கொண்டிருக்கிறாள். வெளியே தூக்கி வந்தபோது தலை தொங்கியது. உடம்பெல்லாம் வியர்வையும் உமியும். தண்ணீர் தெளித்தார்கள். உலுக்கினார்கள். அசைவில்லை. வீட்டில் செய்யாத வேண்டுதலையெல்லாம் அந்த மரத்தில் கட்டுண்டபடி செய்தேன். எனக்காகவா, அந்தக் குழந்தைக்காகவா? சத்தியமாக இன்றுவரை தெரியவில்லை.

குழந்தை இருமியது. மூச்சை இழுத்தது. கண் திறந்து முதலில் பார்த்தது — என்னை!

வீல் என்று ஒரு கத்தல். அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "புள்ள புடிக்கிறவன்... புடிச்சிக்கினு பூடுவான்..." என்று நடுங்கியது.

கயிற்றைச் சின்னாண்டிதான் அவிழ்த்தார்.

"தப்பாப் பூட்ச்சிங்க. பயந்துட்டோம்."

"நானும்தான்" என்றேன்.

சாமைச் சோறு போட்டார்கள். பாதியை இலைக்கு வெளியே சிந்தினேன். "பயப்படாத துன்னுங்க" என்றாள் அந்த அம்மா, என்னைப் பார்க்காமலே. "நாந்தான் அவளுக்குச் சொல்லி வெச்சேன்... வெளியாளு வந்தா எங்கயாவது பூந்து ஒளிஞ்சிக்கோன்னு."

கோயிலுக்கும் கூட்டிப் போனார்கள். காளியை நான் பார்க்கவில்லை. பின்னால் நிற்பவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது சின்னாண்டி கொடுவாளோடு கூடவே வந்தார். "கீழ் ஊருங்களுக்கெல்லாம் சேதி போயிருக்குது. தனியாப் போனா வுட மாட்டாங்க. நீங்க முன்னால நடங்க." மூன்று மணி நேரம் அவர் முன்னால் நடந்தேன். ஒவ்வொரு சருகுச் சத்தத்துக்கும் என் பிடரி கூசியது. சந்தவாசலில் பஸ் கிளம்பும்வரை அந்த மனிதர் நகரவே இல்லை.

ஹாஸ்டலுக்கு வந்து, "காளி தரிசனம் நல்லபடியாக முடிந்தது" என்று அப்பாவுக்கு எழுதினேன்.

யோசித்துப் பார்க்கிறேன். அந்த மலையில் யாரும் யாரையும் பிடிக்க வரவில்லை. கீழே டீக்கடையில் ஒருவன் பயந்தான். அவன் சொன்னதைக் கேட்டு ஓர் அம்மா பயந்தாள். அவளைப் பார்த்து ஒரு குழந்தை பயந்தது. இத்தனைக்கும் நடுவில் இரண்டு உயிர் போகப் பார்த்தது. நரபலி கேட்டது அணையா என்ன?

இப்போதெல்லாம் எந்தப் புது ஊருக்குப் போனாலும், கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால் அந்தத் தெருவில் இருக்கிற அம்மாக்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுகிறேன் — சாமி கோபித்துக்கொண்டால் சமாளித்துக்கொள்ளலாம்!