இடுக்கி யார் கையில்?

எர்மோசியோ ஊர் ஆண்பிள்ளைகளுக்கு வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறதென்று தெரியாது. ஆனால் வாசலில் கரியைப் பற்றவைத்துவிட்டால் அத்தனை பேரும் நளபாகச் சக்கரவர்த்திகள். இடுக்கியைப் பிடித்தவன்தான் எஜமான். மற்றவர்கள் பீரும் கையுமாகச் சுற்றி நின்று யோசனை சொல்லலாம், இறைச்சியைத் தொடக்கூடாது.

அந்த ஊரில் ஒரு தெருமுனைச் சாப்பாட்டுக் கடைக்காரர் ஃபௌஸ்தினோவுக்கு வாழ்க்கைப்பட்டவள் ஒப்துலியா. அவர் வாசலில் மாட்டிறைச்சி சுடுவார். அவள் உள்ளே கோதுமை மாவை முழங்கை வரை வீசி வீசி, முறம் அகலத்துக்குத் தோர்த்தியா ரொட்டியாக்கி, கொதிக்கும் கல்லில் வெறுங்கையால் புரட்டுவாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் அவள் பிழைப்பு. விரல்களெல்லாம் காய்த்துப்போயிருந்தன.

போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து ஃபௌஸ்தினோவின் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. டயர் கடையில் வேலை பார்த்த தம்பி ரமிரோ மறுவாரமே வந்து நின்றான்.

"அண்ணே, கடைய எங்கிட்ட விடு. பொம்பள சுட்டா எவன் வந்து திம்பான்?"

"நான் சுடறேன். திங்கறானுங்களா இல்லையான்னு பாப்போம்" என்றாள் ஒப்துலியா.

ஃபௌஸ்தினோ இருவரையும் பார்த்தார். "ஒரு ஞாயித்துக்கிழமை பாப்போம். ஆளுங்க தட்ட நீட்டலேன்னா ரமிரோ எடுத்துக்கட்டும்."

அந்த ஞாயிறு மதியம் தெருவே திரண்டு வந்தது. சாப்பிட வந்தவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதிகம். வாடிக்கையாளர்களில் மூத்தவரான ஹசிந்தோ அடுப்புக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துக்கொண்டார். ரமிரோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அண்ணி, புரட்டுங்க!"

"மேல ரத்தம் முத்து முத்தாப் பூக்கட்டும் தம்பி, அப்புறந்தான் புரட்டணும்."

"கருகுது அண்ணி!"

"உன் வயிறுதான் கருகுது."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. வெடுக்கென்று இடுக்கியை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான்.

சிரிப்பு அடங்கிப்போனது. ஊர் வழக்கப்படி அடுப்பு கைமாறிவிட்டது. கல்லாவில் இருந்த ஃபௌஸ்தினோ எழ முயன்று முடியாமல் உட்கார்ந்தார்.

ஒப்துலியா சண்டைக்குப் போகவில்லை. கங்குகளுக்கு மேல் கையை நீட்டி, விரலாலேயே ஒரு துண்டைப் பிடித்துப் புரட்டிப் போட்டாள். அப்புறம் அடுத்தது. அப்புறம் அதற்கடுத்தது.

"அண்ணி, கை!" என்று அலறினான் ரமிரோ.

"என் கை எங்கிட்டதான் இருக்கு. தள்ளி நில்லு."

வெந்த துண்டைப் பலகையில் நறுக்கி, தோர்த்தியாவில் சுருட்டி ஹசிந்தோவிடம் கொடுத்தாள். கிழவர் மெல்லுகிறார், மெல்லுகிறார், முடிகிற வழியைக் காணோம். படுபாவி, வேண்டுமென்றேதான் செய்தார்.

"உப்புக் கம்மியா மாமா?" ரமிரோ ஆசையோடு கேட்டான்.

அவர் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஒப்துலியாவிடம் தட்டை நீட்டினார். "இன்னொண்ணு வையி தாயி."

அவ்வளவுதான். பின்னால் நின்றவர்களும் முண்டியடித்துக்கொண்டு தட்டுகளை நீட்டினார்கள். கையில் இடுக்கியோடு ரமிரோ மட்டும் தனியாக நின்றான். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு அதை அவளிடம் நீட்டினான்.

"நீயே வச்சுக்க தம்பி. கரி தீந்துபோச்சு, அதால எடுத்துப் போடு."

போட்டான். கல்லாவிலிருந்து ஃபௌஸ்தினோவின் குரல் வந்தது. "ஒப்துலியா, ஓரத்து மேசைக்கு ரெண்டு தட்டு!" கண்ணீரைத் துடைக்கக்கூட மறந்து கத்திக்கொண்டிருந்தார் மனுஷன்.