சவரிமுத்து திறந்த மடை

சவரிமுத்து இறந்த செய்தி எனக்கு வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் கிடைத்தது. கொடைக்கானல் வண்டிக்காக நின்றிருந்தேன். வடகவுஞ்சிக் காலனி முனியாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். "சார், விஷயம் தெரியுமாங்க? நம்ம மீன்கார அய்யா போயிட்டாரு." போன செவ்வாய்க்கிழமை, வெள்ளனே, வலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். அவருடைய சொந்த ஊரில், கடலோரக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமும் முடிந்துவிட்டது. எங்களுக்குத் தந்தி அடிக்க அங்கே யாருக்குத் தோன்றும்? வண்டி வந்தது, நின்றது, போனது. நான் ஏறவில்லை.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். காலனி மக்கள், எங்கள் சமூக சேவைச் சங்கத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள், எல்லாருக்கும் மேலாக அவர் மனைவி மரியம்மாள். ஆனாலும் இப்போது சங்கத்துக்கு வந்திருக்கும் இளம்பிள்ளைகளுக்கு அவர் பெயர்கூடத் தெரியாது என்பதால் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன்.

எழுபதுகளின் நடுவில் வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று எங்கள் சங்கத்தின் வழியாக மலைக் கிராமங்களில் மீன் குளம் வெட்டப் பணம் கொடுத்தது. உருளைக்கிழங்கும் பூண்டும் போடுகிறவர்கள் மீனும் வளர்த்துச் சாப்பிட்டால் குழந்தைகள் தேறும் என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் கொடைக்கானலில் மீன் தெரிந்த ஆளுக்கு எங்கே போவது? நேர்காணலுக்கு வந்தவர்களில் சவரிமுத்து ஒருவர்தான் மீனவர். அதுவும் கடல் மீனவர். ஏரி மீன், குளத்து மீன் பற்றி என்ன தெரியும் என்று செயலாளர் கேட்டார். "ஒண்ணும் தெரியாதுங்க. எங்க பக்கம் மீனைப் புடிக்கிறது மட்டுந்தான் எங்க சோலி. வளக்குறது கடவுள் சோலி" என்றார் சவரிமுத்து. அந்தப் பதிலுக்காகவே அவரை எடுத்தோம் என்று நினைக்கிறேன். நான் அப்போது சங்கத்தில் எழுத்தர். ஆங்கிலக் கடிதங்களும் அறிக்கைகளும் என் கையால்தான் போகும். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

கெண்டைக் குஞ்சுகளைக் கீழே இருந்துதான் கொண்டுவர வேண்டும். தண்ணீரும் ஆக்சிஜனும் அடைத்த பாலிதீன் பைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் வருவோம். சவரிமுத்து இரண்டு பைகளை மடியில் வைத்துக்கொள்வார். தனக்குக் குளிர்கிறது என்று வாங்கிய கம்பளிச் சட்டையைக் கழற்றிப் பைகளுக்குப் போர்த்துவார். ஓட்டுநர் வளைவில் கொஞ்சம் வேகம் காட்டினால் போதும். "எதுக்குப்பா இம்புட்டு வெரசாப் போற? பிள்ளைகளுக்குத் தலை சுத்தும்" என்பார். மீனுக்கு வாந்தி வந்தால் என்ன மருந்து என்று நாங்கள் அவரை ஓட்டாத நாளில்லை. அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் பள்ளங்கி கிராமத்துக் குளத்தில் விட்ட முதல் குஞ்சுகளில் பாதி குளிரில் செத்து மிதந்தபோது, கரையிலேயே உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அதற்கப்புறம் நாங்கள் அந்தக் கேலியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டோம்.

வடகவுஞ்சிக்குக் கீழே, இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் காலனி இருந்தது. அவர்களுக்கு மேலே இருந்த ஓடையை மறித்து ஒரு குளம் கட்டினோம். கரைக்கு மண் சுமந்தது முழுக்க அந்தக் காலனி ஆண்களும் பெண்களும். அத்தனை இறுக்கமான கரையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது மட்டும் நாங்கள். ஜீப் போகிற இடம் அது ஒன்றுதான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இறங்கிப் பார்க்க வசதியாக இருக்கும் என்பதைத் தவிர வேறெதையும் நாங்கள் யோசிக்கவில்லை. அந்த ஓடைதான் காலனியின் குடிதண்ணீர் ஊற்றுக்கு உயிர் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மழை பெய்த வருடங்களில் அது தெரியவும் இல்லை.

மழை பொய்த்த வருடம் தெரிந்தது. ஓடையில் வந்த கொஞ்சநஞ்சத் தண்ணீரையும் குளம் வாங்கி வைத்துக்கொண்டது. கீழே ஊற்று வறண்டது. குளத்திலோ மீன் தீனிக்காகச் சாணம் கரைத்து விட்டிருந்தோம். வேறு வழியில்லாமல் அதைக் குடித்து இரண்டு குழந்தைகள் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் உதவி நிறுவனத்தார் வருவதாகக் கடிதம் வந்தது. குளத்தையும் மீனையும் பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும். காலனிக்கு வீடு கட்டிக் கொடுக்கும் திட்டமும் அந்த வருகையில்தான் முடிவாக வேண்டியிருந்தது.

நான் அவர்களுடைய பயண நிரலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். செயலாளர் மதுரைக்குப் போயிருந்தார். சவரிமுத்து கால் முழுக்கச் சேற்றோடு வந்து என் மேசை முன்னால் நின்றார்.

"டேவிட் சார், மடையைத் தெறந்துரட்டுமா?"

"திறந்தால் மீன்?"

"போயிரும்ங்க. இன்னும் ஒரு சாண்கூட வளரல. பலகையைத் தூக்கிட்டா ஓடை நேரா ஊத்துக்குப் போகும். காலனிச் செல்லம்மா என்னையப் பாத்து ஒத்தைக் கேள்விதான் கேட்டுச்சு, 'மீனுக்கு இருக்க தண்ணி எங்க புள்ளைகளுக்கு இல்லையாங்கய்யா'ன்னு. என்னத்தச் சொல்லச் சொல்றீங்க?"

நான் தட்டச்சை நிறுத்தினேன். அவர் முகத்தைப் பார்த்தேன். "திறங்க, சவரிமுத்து. கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றேன்.

மறுநாள் பலகை எடுபட்டது. மூன்றாம் நாள் ஊற்றில் தெளிந்த தண்ணீர் சுரந்தது. குளத்தில் சேறும் வெள்ளி வெள்ளியாய்ச் செத்த குஞ்சுகளும் கிடந்தன. சவரிமுத்து அவற்றைக் கூடையில் அள்ளி, கரைக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். "செத்தது மீனுதான் சார். சாப்பிடத்தானே வளத்தோம். ஆனாலும் மனசு கேக்க மாட்டேங்குது" என்றார்.

செயலாளர் திரும்பி வந்து தலையில் கைவைத்துக்கொண்டார். அவர் கெட்ட மனிதரல்ல. வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் அவர் கவலை. கரை உடைந்துவிட்டது என்று ஒரு கடிதம் எழுதி, சவரிமுத்து கையெழுத்துப் போட்டால் யாருக்கும் பாதகமில்லை என்றார். நானே அதைத் தட்டச்சு செய்தேன். ஒரு பிழை இல்லாமல் செய்தேன். சவரிமுத்துவுக்குத் தமிழில் படித்துக் காட்டியதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுல போட மாட்டேங்க. அந்தக் கரை ஒடையல. சனங்க பாத்துப் பாத்துக் கட்டுன கரை. ஒடைஞ்சுச்சுன்னு எழுதுனா, நாளைக்கு இவங்க கட்டுற வீடு நிக்குமான்னு கேப்பாங்கள்ல?"

"அப்படியானால் யாரைக் கேட்டு மடையைத் திறந்தீங்க?" என்றார் செயலாளர்.

நான் தட்டச்சுப் பொறிக்கு முன்னால், சவரிமுத்துவுக்கு இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். என் மகன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். குடியிருந்த வீடும் சங்கத்து வீடு. வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன். குனிந்து கார்பன் தாள்களைச் சரிசெய்தேன்.

"யாரையும் கேக்கலீங்க. நானாத்தான் தெறந்தேன்" என்றார் சவரிமுத்து. என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அவரை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தையும் நான்தான் தட்டச்சு செய்தேன். பெட்டியும் மரியம்மாளும் இரண்டு பெண்பிள்ளைகளுமாக அவர் ஊருக்குக் கிளம்பியபோது பேருந்துவரை போனேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என் தோளில் கைவைத்து, "விடுங்க சார். உங்களுக்கு இந்தச் சோலியை விட்டா வேற இல்ல. எனக்குக் கடல் கெடக்கு" என்றார். கடல் கிடந்தது உண்மைதான், ஆனால் அவருக்கென்று ஒரு படகு கிடையாது. கடைசிவரை அடுத்தவர் படகில் கூலிக்குத்தான் போனார் என்று முனியாண்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த வருடம் உதவி நிறுவனத்தார் வந்தார்கள். வெறும் குளத்தைப் பார்த்தார்கள், கரையின் மேல் நடந்தும் பார்த்தார்கள். அடுத்த வருடமே காலனிக்கு வீடுகள் வந்தன. களப்பணியாளரின் அலட்சியத்தால் மீன் அழிந்தது என்று என் அறிக்கை சொன்னது. ஒரு கிறிஸ்துமஸுக்கு சவரிமுத்து அஞ்சலட்டை போட்டிருந்தார். நலம் விசாரித்துவிட்டு, ஊற்றில் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் கேட்டிருந்தார். வருகிறது என்று பதில் எழுதினேன். எழுத வேண்டிய மற்றொன்றை எழுதாமலே தபாலில் போட்டேன். அடுத்த கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று வருடங்களைக் கடத்தினேன். இனி அந்த முகவரிக்கு எழுதி என்ன?

இறந்தவரிடமிருந்து நமக்கு எது எஞ்சுகிறது என்று இப்படிப்பட்ட எழுத்தில் சொல்வது வழக்கம். ஒரு மண்கரைக்காகக்கூடப் பொய் சொல்ல மறுத்த மனிதர் எனக்காக ஒரு பொய் சொன்னார். அதுதான் என்னிடம் இருக்கிறது. நான் உண்ட சோறு, என் மகன் படித்த படிப்பு, இந்த மாதம் எனக்கு நடக்கப்போகும் பணி ஓய்வுப் பாராட்டு எல்லாமே அந்த ஒரு பொய்யின் மேல் நிற்கின்றன. மரியம்மாள், உங்கள் பிள்ளைகளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் கணவர் யாரையும் கேட்காமல் மடையைத் திறக்கவில்லை. என்னைக் கேட்டார். திறங்கள் என்று நான்தான் சொன்னேன்.