ராஜகுமாரி கடிதம் படித்த விதம்

ஐந்தாம் வகுப்பில் நான் கண்ணில்லாத ஒரு ராஜகுமாரியை உருவாக்கினேன். கற்பனை பொங்கி வழிந்ததால் அல்ல, பேச்சுத்துணைக்கு ஆளில்லாததால். பிழைப்புக்காகக் கன்னட ஊருக்கு வந்தவர்கள் நாங்கள். அப்பா நஞ்சன்கூடு பக்கம் கட்டட வேலை. அங்கேயே தங்கி ஞாயிறு மட்டும் வருவார். அம்மா விஜயநகரில் இரண்டு வீடுகளில் சமையல். பள்ளி விட்டு வந்து பூட்டைத் திறந்தால், அம்மா வரும்வரை எனக்கும் சுவருக்கும்தான் பேச்சு.

ராஜகுமாரிக்குக் கண் கிடையாதே தவிர, மற்றதெல்லாம் அளவுக்கு மீறி உண்டு. மூன்று தெரு தள்ளி வருபவரை வாசனையில் அறிவாள். சுவருக்குப் பின்னால் ஒளிந்திருப்பவனின் நெஞ்சு அடிப்பது அவளுக்குக் கேட்கும். அவளுக்கு எதிரி அரசன் கடிதம் அனுப்புகிறான். படித்துவிட்டுப் போருக்குக் கிளம்புகிறாள். பள்ளி ஆண்டு விழாவுக்காகக் கன்னடத்தில் எழுதிக் கொடுத்தேன். கன்னட மிஸ் கடிதம் வரும் வரியில் சிவப்புப் பேனாவை நிறுத்தினார். "எல்லா சரி. கண்ணில்லாதவள் இதை ஓதோது ஹேகே?"

எப்படிப் படிப்பாள் என்று நான் யோசித்திருக்கவே இல்லை. மைக்கு வாசனை உண்டு. ஆனால் எல்லா எழுத்துக்கும் ஒரே வாசனை. காகிதம் வாய் திறக்காது. கறுப்பு எழுத்து வெயிலில் கூடுதலாகச் சுடுமோ என்று மொட்டை மாடியில் நோட்டை வைத்துத் தடவிப் பார்த்தேன். முழுப் பக்கமும் சுட்டது. மூன்றாம் நாள்தான் வழி அகப்பட்டது. எதிரி அரசன் கோபக்காரன், அழுத்தித்தான் எழுதியிருப்பான். எழுத்து பள்ளமாகப் பதிந்திருக்கும், விரலால் படித்துவிடலாம்.

சோதித்துப் பார்க்க அம்மாவை விட்டால் எனக்கு யார்? துண்டால் அவள் கண்ணைக் கட்டி, 'அம்மா' என்று கன்னடத்தில் பெரிதாக அழுத்தி எழுதிய தாளை மடியில் வைத்தேன்.

"மொதல்ல ஒரு சுழி. அப்புறம் ரெண்டு குண்டு, அதுக்கு அடியில ஒண்ணு தொங்குது," என்றாள்.

"ஷேப் வேணாம்மா, என்ன எழுத்துன்னு பேகா சொல்லு, சீக்கிரம்."

"அது தெரியலடி கண்ணு."

கட்டை அவிழ்த்தேன். தாளை வெகுநேரம் பார்த்தாள். "கண்ணத் தொறந்து பாத்தாலும், வெரலுக்குத் தெரிஞ்சதுதான் தெரியுது."

கண்ணும் விரலும் ஒன்றுதான் என்று அம்மாவே சான்றிதழ் கொடுத்துவிட்டாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுநாளே கதையைத் திருத்திக் கொடுத்தேன். விழாவில் வாசிக்கத் தேர்வாகிவிட்டது.

வியாழக்கிழமை அழைப்பிதழ் கொடுத்தார்கள். கதை வாசிப்பவர் என்று என் பெயர் அச்சில் வந்திருந்தது. அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே படித்துப் பூரித்துப்போக வேண்டும் என்று ஆசை. தமிழ்க் காலண்டரில் தினமும் ராசிபலன்வரை படிப்பவள் அவள். எனக்கோ தமிழில் ஓர் எழுத்து தெரியாது. எனக்குப் படிக்கத் தெரியாததையே படிப்பவளுக்கு, நான் படிப்பது எம்மாத்திரம்?

அம்மா அழைப்பிதழை முன்னும் பின்னும் திருப்பினாள். "குத்துவிளக்குப் படம் நல்லா இருக்குது. ஞாயித்துக்கெழம அப்பா வந்ததும் காட்டலாம்," என்று சொல்லி, மூலைகளில் மஞ்சள் தடவிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். விழாவோ சனிக்கிழமை. தெரியாததுபோல் நடிக்கிறாள், வந்து நின்று என்னை அசத்தப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை வழக்கம்போல வேலைக்குப் போனாள். நேரே பள்ளிக்கு வந்துவிடுவாள் என்றிருந்தேன். மேடையேறியதும் வாசலைத்தான் பார்த்தேன். எல்லோருடைய அம்மாவும் வந்திருந்தார்கள். கடிதக் கட்டம்வரை மெதுவாக, இழுத்து இழுத்துப் படித்தேன், அவள் வந்து சேர நேரம் கிடைக்கட்டும் என்று. பிறகு போரை அவசரமாக முடித்துவிட்டு இறங்கினேன். மற்றவர்களின் அம்மாக்கள் கைதட்டினார்கள். அவ்வளவு கூட்டத்தில் அப்படித் தனியாக நான் அதற்குமுன் நின்றதில்லை.

சாயங்காலம் அம்மா வந்தாள். "ஏன் மொகம் வாடிக் கெடக்குது? ஸ்கூல்ல என்ன?"

"கார்டுலதான் எல்லாம் போட்டிருக்கே. படிச்சுக்கோ."

சந்தையில் கன்னடத்தில் பேரம் பேசி எதிராளியை ஓட வைக்கும் அம்மாவுக்குக் கன்னட எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பிறகு நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது, பஸ் ஸ்டாண்டில் போர்டைக் காட்டி, "இது எங்க போற பஸ்ஸு?" என்று அவள் என்னைக் கேட்ட நாளில்தான் எனக்கு அது உறைத்தது. அழைப்பிதழில் தேதியைக்கூடக் கன்னட எண்ணில்தான் போட்டிருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவள் கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை எடுத்து விளக்கடியில் உட்கார்ந்தாள். வழவழவென்ற அச்சின்மேல் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்தினாள். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது.

"நீ அன்னிக்கு எழுதுன சுழி இங்க இருக்குது பாரு," என்றாள்.

அது என் பெயரின் முதல் எழுத்து. ராஜகுமாரியைப்போல நடித்துக் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன்.

"சும்னே இரும்மா," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.