தெத்தியுஸின் ஏப்பம்

தெத்தியுஸ் மத்தியானமே துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பொதுக் குளியல் மண்டபத்துக்குக் கிளம்பிவிடுவார். விருந்துக்குப் போகிறவர்கள் அவரவர் துண்டோடு போவதும், மிஞ்சியதை அதில் கட்டிக்கொண்டு வருவதும் எங்கள் ரோமாபுரியில் சகஜம்தான். ஆனால் இவர் துண்டைப் படகுக்குப் பாயாகவே கட்டலாம்.

முதலில் யாராவது அழைக்க வேண்டுமே. அதற்குத்தான் குளியல் மண்டபம். பணக்காரர் வாயைத் திறந்தால் போதும், இவர் சிரிக்கத் தயார். அழைப்புக் கிடைத்தாலும், சாய்ந்தபடி சாப்பிடப் போட்டிருக்கும் கட்டில்களில் கடைசியில்தான் இடம். வீட்டுக்காரருக்கு வெள்ளை ரொட்டியும் கொழுத்த விலாங்கும் வரும். இவருக்குத் தவிட்டு ரொட்டியும் ஆலிவ் காயும். "அந்த மீன மோந்துக்கிட்டே ரொட்டியத் தின்னு பாருங்கக்கா, என்னா ருசிங்கிறீங்க!" என்பார் என்னிடம். அவர் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தின் கீழே கொண்டைக்கடலையும் கஞ்சியும் கொஞ்சம் கறியும் விற்கிறவள் நான்.

நேற்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"என்ன தம்பி, கைதீகியுஸ் வீட்டு விருந்து என்னாச்சு?"

"கொஞ்சம் முந்திச் சிரிச்சிட்டேன்க்கா."

"சிரிச்சா என்ன?"

"அவரு மாமா செத்த கதையச் சொல்லிட்டிருந்தாரு."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மேல்மாடியில் அவர் மனைவி ஒப்பியா காய்ச்சலில் கிடந்து இப்போதுதான் எழுந்து உட்காருகிறாள். புருஷன் சாப்பிடவில்லை என்று தெரிந்தால் தன் பங்கில் பாதியை அவர் பக்கம் தள்ளிவிடுவாள். அவர் கையில் இருந்த காசுக்கோ ஒருவர் சாப்பாடுதான் வரும்.

துண்டை விரித்தார். கடலையும் ஒரு துண்டு பன்றிக்கறியும் வைத்தேன். பெரிய வீட்டு வாசனைக்காக மேலே மீன் சாறு தெளிக்கச் சொன்னார். பிறகு என் கடை ஆணியில் அவர் மாட்டிவைத்திருக்கும், விருந்தாளிகள் தலையில் சூடும் பழைய மாலையை எடுத்துக் கோணலாக வைத்துக்கொண்டார். அதில் ரோஜாவெல்லாம் எப்போதோ சருகாகிவிட்டது.

"காசு வேணாம்ப்பா. ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போ."

விருந்தாளியாகப் போய்ச் சாப்பிடுவாரே தவிர, இப்படிச் சும்மா கொடுத்தால் வாங்க மாட்டார்.

"வேணாங்கக்கா. விருந்துல பலமான சாப்பாடு."

என்னிடமே சொல்கிறார்! எனக்குக் கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது.

மூட்டையை அணைத்துக்கொண்டு படியேறினார். அவருடைய காலடி மேல்மாடியில் போய் நின்றது. கதவு திறக்கும் சத்தத்துக்கு முன்னால், கட்டடம் முழுவதும் கேட்கும்படி, நீளமாக ஒரு ஏப்பம் விட்டார்.