அக்காவின் முதல் பிலிம்

இன்று ஊறுகாய்க் கடையில், படம் கழுவும் மருந்தின் அதே வினிகர் வாசம் அடித்ததும், எழுபதுகளில் தூத்துக்குடியில் போட்டோ வகுப்பு நடந்த எங்கள் பள்ளிப் பின்னறையின் இருட்டு, அந்தக் கட்டடமே இப்போது இல்லாதபோதும், என்னைச் சூழ்ந்துகொண்டது. சங்கு குளிக்கும் அப்பாவைப் படமெடுத்த தன் முதல் பிலிமைக் கழுவுவதற்காக, அக்கா அதைத் தடவித் தடவிச் சுருளில் ஏற்றிக்கொண்டிருந்தாள். எட்டு வயது நான், என் கையே எனக்குத் தெரியாத அந்த இருட்டுக்குப் பயந்து, அவள் தாவணியைப் பிடித்திருந்தேன்.

கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"ஏளா, ஒங்கப்பா போன வள்ளம் கவுந்துட்டாம்!" என்று பக்கத்து வீட்டு மதினி கத்தினாள்.

"தொறக்காத, வெளிச்சம் பட்டா படம் போயிரும்," என்று என்னைத் தடுத்த அக்கா, அடுத்த நொடி தானே கதவைத் திறந்தாள். பிலிமில் வெயில் விழ, இருவரும் ஓடினோம்.

கரையில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த அப்பா, "படம் விழுந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. நாளைக்கு வேற எடுக்கணும், கடலுக்குப் போகாண்டாம்," என்றாள் அக்கா.