அட்டையில் இருந்த முப்பத்தாறு எழுத்துகள்

கண்ணில் புரை என்றால் வெட்டுவார்களே என்ற பயத்தில், எழுபத்திரண்டு வயதில் நான் ஒரு கள்ளவேலை செய்தேன். சுன்னாகத்துக் கண்ணாடிக் கடையில் என் முறை வர நாற்பது நிமிடம் காத்திருந்தேன். நான் குந்தியிருந்த நீள மர வாங்கு, எழுத்து அட்டைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. எட்டு வரிசை, முப்பத்தாறு எழுத்து. எல்லாவற்றையும் பாடமாக்கினேன்.

கதிரையில் இருந்ததும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பிழையில்லாமல் ஒப்புவித்தேன். பரிசோதித்த பிள்ளை முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்.

“ஐயா, நீங்கள் வாங்கிலை இருந்து முணுமுணுத்ததைப் பாத்தனான். அதுதான் அட்டையை மாத்திப் போட்டன்.”

கண்ணைப் பொத்தியிருந்த கையை எடுத்தேன். “வெட்டுவினமோ, பிள்ளை?”

“ஓம். என்ரை அம்மாவுக்கும் செய்தது. அடுத்தநாளே, நான் வீடு கூட்டினது வடிவில்லையெண்டு ஏசினவா.”

ஒரு கண்ணாடியைத் தலையில் கட்டி அனுப்பியிருக்கலாம். அவளோ ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தந்தாள். போனேன், பார்வை திரும்பியது.

முன்பெல்லாம் யாராவது பொய் சொல்லி அகப்பட்டால், நாலு பேர் கேட்கத்தான் சொல்லுவேன். இப்போது நானும் கிட்டப் போய் மெதுவாகச் சொல்கிறேன். இதுவரை ஐந்து பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஐந்து பேரும் இன்னும் என்னோடு கதைக்கிறார்கள்.